குழிக்குள் போன குருத்தோலை

எங்கள் கான்வென்ட்டின் எருக்குழி ஓரத்தில் பிலோமினா அக்கா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை சாணிக் கரைசலில். எதிர்ப்பக்கம் நான், அதே கோலத்தில்.

பள்ளி விட்டு, பஸ்களெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. பிப்ரவரி முடிகிற சமயத்து டெல்லி வெயில் முதுகில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது. சாணியின் குளிர்ச்சி பாதி, பயம் பாதி.

தோட்டக்காரர் ராம்தீன் மண்வெட்டியோடு வந்தார். அக்கா கையைக் காட்டித் தடுத்துவிட்டார். மண்வெட்டி பட்டால் ஓலை துண்டாகிவிடும், கையால்தான் தேட வேண்டும்.

நாங்கள் தேடியது ஒரு சின்ன ஓலைச் சிலுவை. அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் தன் கையால் பின்னியது. அண்ணன் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அதைக் குழிக்குள் கொட்டியது சாட்சாத் நான்தான்.

"வேணும்னு செய்யலக்கா" என்றேன், ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ.

"வாயால தேடாத பிள்ளே, கையால தேடு" என்றார் அக்கா.

வடாமுக்குப் பிறகு சாணி

போன வாரம் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் வடாம் காய வைத்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், டெல்லியில் அத்தனை வருஷம் இருந்து வடாம் பிழிந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். செய்தேன் ஐயா. சாணி வாரினேன்.

அப்பாவுக்கு மத்திய சர்க்கார் வேலை. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தபோது நான் பாவாடை சட்டை போட்ட சின்னப் பெண். படித்து முடித்த கையோடு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு கான்வென்ட்டில் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் கேட்டால் எனக்குக் கோபம் வரும். எதற்கெடுத்தாலும் கோபம் வருகிற வயது அது. இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள், அதை விடுங்கள்.

பிலோமினா அக்கா அங்கே எனக்கு முன்பே இருந்தவர். தூத்துக்குடிக்காரர். தையலும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தார். டீச்சர்கள் அறையில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். மற்றவர்கள் நடுவில் அவர் "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிடும்போது எனக்கு மனசு நிறைந்து போகும்.

பாவம் என்றால் அப்பீல் இல்லை

தலைமை சிஸ்டர் பெர்னடெட்டுக்கு மங்களூர்ப் பக்கம். ஒல்லியான உருவம், வேகமான நடை. சுற்றுச்சூழல் என்ற சொல் எங்கள் காதுக்கு வந்து சேராத காலம் அது. சிஸ்டருக்கு அந்தச் சொல் தேவைப்படவும் இல்லை. "கடவுள் கொடுத்ததை வீணாக்குவது பாவம்" என்று காலைப் பிரார்த்தனையில் ஒரே போடாகப் போட்டார். கான்வென்ட்டில் ஒன்றைப் பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

முதலில் நோட்டுப் புத்தகங்களில் கை வைத்தார். வருஷக் கடைசியில் எழுதாமல் மிஞ்சிய தாள்களையெல்லாம் கிழித்து எடுத்து, அக்காவின் தையல் வகுப்பில் கோத்துத் தைத்து, கணக்குப் போட்டுப் பார்க்கிற ரஃப் நோட்டாக்கினார்கள். ஒரே நோட்டில் நாலு விதக் கோடு, நாலு விதப் பழுப்பு. கை கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினார். அட்டை போட்ட பிரௌன் தாளை மறுவருஷம் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடச் சொன்னார். பணக்கார வீட்டுப் பெண்கள்கூடப் போட்டார்கள்.

அப்புறம் நெருப்பு. டெல்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது குளிர் விடைபெறுகிற மாசி பங்குனியில். ராம்தீன் காலையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீக்குச்சி கிழிப்பார். காவல்காரரும் ரிக்ஷாக்காரர்களும் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். அந்தப் புகை வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு வாயைத் திறந்திருப்பேனா? புகை வகுப்புக்குள் வந்து பிள்ளைகள் இருமும். ஓலை தொலைவதற்கு முந்தின வருஷம் ஒருநாள் சிற்றாலயத்துக்குள்ளும் புகுந்து, சிஸ்டரே பாட்டு நடுவில் இருமித் திணறினார்.

அன்றோடு தடை. பள்ளி எல்லைக்குள் ஒரு சருகைக்கூட யாரும் எரிக்கக் கூடாது. பின்பக்கச் சுவர் ஓரம் குழி வெட்டப்பட்டது. சருகும் காய்கறித் தோலும் சாணமும் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்க வேண்டும். சயின்ஸ் டீச்சர் என்பதால் குழிக்கு அதிகாரி நான்.

கேட்க வேண்டுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்லா பக்கத்துப் பால்காரரிடமிருந்து எருமைச் சாணம் வரவழைத்தேன். பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் அணியாகப் பிரித்து, தோல் கொண்டுவருகிற அணிக்கு நட்சத்திரம் கொடுத்தேன். டெல்லிக் குளிர்காலம் பட்டாணிக் காலம் அல்லவா? சரோஜினி நகரிலிருந்து வரும் நீல அணிப் பெண் ஒருத்தி, தங்கள் சந்து முழுக்க வீடு வீடாய்ப் போய் உரித்த தோலை வாங்கி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளி பஸ் டிரைவர் ஏற்ற மாட்டேன் என்று சண்டை. அவள் அம்மா வந்து, "இங்கிலீஷ் கத்துக்க அனுப்பினேன், பெண்ணு காலணியில கோபர் ஒட்டிக்கிட்டு வர்றா" என்று ஹிந்தியில் சத்தம் போட்டார். கோபர் என்றால் சாணம். நான் அந்தம்மாவுக்கே ஒரு வகுப்பு எடுத்து அனுப்பினேன்.

ராம்தீனுக்குத்தான் வருத்தம். தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏக்கமாகத் திரிவார். நான் அவரைச் சந்தேகப் பார்வை பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சேவியர் அண்ணனின் விரல்கள்

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. அன்று கோயிலில் ஓலையை மந்திரித்துக் கொடுப்பார்கள். ஊரில் இளந்தென்னங் குருத்து. மெத்தென்று இருக்கும், சிலுவை, பூ, கிளி என்று என்ன வேண்டுமானாலும் பின்னலாம். டெல்லியில் தென்னைக்கு எங்கே போக? ஈச்ச ஓலைதான். விறைப்பாக, நுனி ஊசி மாதிரி குத்தும்.

சேவியர் அண்ணன் ஏதோ ஒரு மினிஸ்ட்ரியில் குமாஸ்தா. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஈச்ச ஓலையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியால் நாராகக் கிழித்து, நடுவில் நாலு இதழ் முடிச்சு வைத்துச் சிலுவை பின்னுவார். கடைசியாகப் பின்னியபோது ஓலை குத்தி விரலில் ரத்தம் வந்ததாம். அந்த வருஷம் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, இரண்டே வாரத்தில் போய்விட்டார். அக்காவும் ஒரே மகளும் இருந்த வீட்டில் அந்தச் சிலுவை இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகியபடி இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது. ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குமுன் கோயிலில் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எரித்துச் சாம்பலாக்கி, விபூதிப் புதனன்று சாமியார் எல்லார் நெற்றியிலும் சிலுவை போடுவார். விபூதிப் புதன் என்ற பெயரை முதலில் கேட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம வீட்டுச் சாமான் இங்கேயும் இருக்கிறதே என்று.

கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அக்கா இரண்டு வாரம் யோசித்தார். "அவிய கையால செஞ்சது சாம்பலாகி என் நெத்தியில நிக்கட்டும்" என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை சிற்றாலய வராந்தாவில் இருந்த சாக்கில் போட்டுவிட்டு வந்தார். எல்லோரிடமும் சொன்னார். சிஸ்டரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லத் தைரியம் வருகிறது என்பது மாதிரி சொன்னார்.

என்னிடமும் சொன்னார். அதனால்தான் என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குத் தெரியும்.

சாக்கும் தீப்பெட்டியும்

விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முந்தி, திங்கட்கிழமை. ஆறாம் வகுப்புச் சிவப்பு அணியைக் குழிக்கு அழைத்துப் போகிறேன். சிற்றாலயத்துக்குப் பின்னால் ராம்தீன் நிற்கிறார். காலடியில் ஒரு கோணிச் சாக்கு, வாய் திறந்து, உள்ளே காய்ந்த ஓலை. கையில் தீப்பெட்டி.

என் கண்ணுக்குத் தீப்பெட்டி மட்டும்தான் தெரிந்தது.

"ஜலானா மனா ஹை" என்று கத்தினேன். எரிக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது, பெரியவர் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தி அத்தனையும் கொட்டினேன். அவர் பாவம், "மேடம்ஜி, யே தோ கிர்ஜே கா..." என்று தொடங்கினார். கிர்ஜா என்றால் மாதாகோயில். கோயில் சாமான் என்று அந்த மனுஷர் சொல்ல வந்ததை நான் முடிக்க விட்டால்தானே? இருபத்து நாலு பிள்ளைகள் பார்க்க, சாக்கைப் பிடுங்கித் தரதரவென்று இழுத்துப் போய்க் குழியில் கவிழ்த்தேன். அதன் மேல் சருகு, சருகின் மேல் சாணிக் கரைசல். பிள்ளைகள் இறங்கிச் சந்தோஷமாக மிதித்தார்கள். எனக்கு என்னைப் பற்றி அவ்வளவு பெருமை.

செவ்வாய்க்கிழமை மதியம் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், சாம்பல் எங்கே என்று ராம்தீனைக் கேட்டார். ராம்தீன் நேராக டீச்சர்கள் அறை வாசலுக்கு வந்து என்னை நோக்கி விரலை நீட்டினார்.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். அறை மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பிலோமினா அக்கா பேனாவை மூடி வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"அதுலதான்ட்டி என் ஓலையும் கெடந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

நாலு இதழ் முடிச்சு

இனி மறுபடியும் குழிக்கு வருகிறேன்.

ஓலைத் துண்டுகள் நிறைய வந்தன. ஒவ்வொன்றாய் எடுத்துச் சாக்கின் மேல் போட்டோம். எல்லாம் வெறும் கீற்று. சில இரண்டாக முறிந்திருந்தன, பிள்ளைகள் மிதித்த மிதி அப்படி. ஒவ்வொரு முறிந்த துண்டைப் பார்க்கும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. அக்கா எதையும் நின்று பார்க்கவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது, உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

அரை மணி, முக்கால் மணி. பட்டாணித் தோல் அடுக்குக்குக் கீழே என் விரலில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. தடவிப் பார்த்தேன். ஒரு இதழ், இரண்டு, மூன்று, நாலு.

"அக்கா" என்றேன். கையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக் கழுவினார். ஒரு கை சற்று வளைந்திருந்தது, முடிச்சு அவிழவில்லை. முகர்ந்து பார்த்தார். நான் அங்கேயே நின்று அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஓவென்று அழுதேன்.

அப்போது சிஸ்டர் பெர்னடெட் மரத்தடி வழியாக வேகமாக வருவது தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். குழாய் மேடையில் இருந்த தன் டிபன் டப்பாவைத் திறந்து, சிலுவையை உள்ளே வைத்து, அழுத்தி மூடினார்.

சிஸ்டர் வந்ததும் முதலில் அவரிடம்தான் போனார். தோளில் கை வைத்து ஆங்கிலத்தில் கேட்டார். "உங்கள் கணவர் செய்தது கிடைத்ததா, பிலோமினா?"

"இல்லை, சிஸ்டர்" என்றார் அக்கா.

நான் திறந்த வாயை மூடவில்லை. ரப்பர் திருடியதற்கும், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியதற்கும் பிள்ளைகளைச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பி வைக்கிற பிலோமினா டீச்சர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நிற்கிறார்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "இந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தீதான் மிச்சம் வைத்திருந்தேன். அதையும் அணைத்துவிட்டாய். போகட்டும், வேறு ஓலை கிடைக்கும். இந்தப் பெண்ணுக்கு நீ எதைத் திருப்பிக் கொடுப்பாய்?"

கிடைத்துவிட்டது சிஸ்டர், அந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர்" என்றேன்.

"ஈஸ்டர் வரைக்கும் நீ குழிப் பக்கம் போகக் கூடாது. அதுதான் உனக்குத் தவசு" என்றார் சிஸ்டர்.

பஸ் நிறுத்தம் வரை

அக்காவுக்கு சரோஜினி நகர் போக வேண்டும். பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். பாதி வழியில் அவரே பேசினார்.

"குடுத்த அன்னைக்கே மனசு ஆறல கற்பகம். தெனமும் அந்தச் சாக்கத் தாண்டித்தான் போறேன். கைய விட்டு எடுத்துருவமான்னு இருக்கும். கோயிலுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்க நாக்கு வரல. எல்லாத்துக்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டனே, என்னன்னு நெனப்பாவ?"

"அப்ப நான் கொட்டாம இருந்திருந்தா?"

"எரிஞ்சிருக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஒன்னயப் பேச்சு வாங்க வச்சிட்டேன். நாளைக்குப் போயி சிஸ்டர்கிட்ட உள்ளதச் சொல்லிருதேன்" என்றார்.

"சொன்னீங்கன்னா வாங்கி எரிச்சுப்புடுவாங்க. பேசாம வீட்டுக்குப் போங்கக்கா. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்தான்."

பஸ் வந்தது. ஏறும்போதும் டப்பாவைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

மீட்ட மற்ற ஓலைகளை அலசி, ஹாஸ்டல் சமையலறை அடுப்பு ஓரத்தில் விடிய விடியக் காய வைத்தார்கள். சாணி பட்டதாயிற்றே என்று ஒரு சிஸ்டர் தயங்கினாராம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர் அதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார் என்று சாமியார் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலையில் ராம்தீன் என் கண் முன்னாலேயே, நிதானமாக, தீக்குச்சி கிழித்தார். எங்கள் வீட்டு விபூதி சாணத்திலிருந்து வருவது. அந்த வருஷம் அவர்களுடையதும் கொஞ்சம் அப்படித்தான்.

ஆளுக்கொரு தவசு

அடுத்த திங்கட்கிழமை டீச்சர்கள் அறையில் அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஒரு பொய் சொன்னேன்னு சொன்னேன்."

"என்ன பொய்னு கேட்டாரா?"

"கேக்கல. நானும் சொல்லல."

"என்ன தண்டனை?"

"மூணு அருள் நிறைந்த மந்திரம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொன்ன உங்களுக்கு மூணு மந்திரம், ஒண்ணும் சொல்லாம நின்ன எனக்கு நாப்பது நாளா? இது எந்த ஊரு நியாயம்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்து மேஜை டீச்சர் என்ன என்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்னும் நாற்பது நாள் சேர்த்துக் கொடுத்திருந்தாலும் சரி என்று அப்போது தோன்றியது.

தவசை ஒழுங்காக இருந்தேன். குழிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பெண்கள் ஓடி வந்து, ராம்தீன் பையாவே இப்போது சருகு அடுக்குகிறார், எங்களை மிதிக்க விடுகிறார், உங்களைவிட நன்றாகச் செய்கிறார் என்று சேதி சொன்னார்கள். வயிறு எரிந்தது. கேட்டுக்கொண்டேன்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து முதல் நாள், சிஸ்டர் பெர்னடெட் தன் அறைக்குக் கூப்பிட்டார். குழி மறுபடி உன் பொறுப்பு என்றார். எழுந்து போகத் திரும்பினேன், நிறுத்தினார்.

"அந்தச் சாக்கைக் கொட்டியதற்கு உண்மையாகவே மனம் வருந்துகிறாயா?"

"ஆமாம், சிஸ்டர்" என்றேன்.

அதுவும் பொய்தான். அதற்கு மூன்று மந்திரம் சொல்லச் சொல்வதற்கு எனக்கு ஒரு சாமியார் இல்லை.